காதுக்குச் சம்பளம்

2007-ல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என் ஊர்ப் பெயர்தான். நேர்முகத் தேர்வில் எதிரே இருந்தவர் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சொந்த ஊர் எது?" என்றார். உச்சிப்புளி என்றேன். "மண்டபம் பக்கமா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மண்டபத்தில்தான் பள்ளிப் படிப்பு என்றேன். "அப்போ முகாம் பசங்க கூடப் படிச்சிருப்பே. சிலோன் தமிழ் காதுல விழுந்தா கண்டுபிடிச்சிடுவே இல்ல?" கண்டுபிடித்துவிடுவேன் சார் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

வேலை இதுதான். ஐரோப்பா போகும் விமானங்களின் செக்-இன் கவுண்டருக்கு முன்னால் ஒரு சிறிய மேசை போட்டிருப்பார்கள். வரிசையில் வரும் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையும் விசாவையும் வாங்கிப் பார்த்து, "போகலாம்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் இல்லாதவருக்கு கவுண்டரில் போர்டிங் பாஸ் தர மாட்டார்கள். விமான நிறுவனம் இந்தப் பணியை ஒரு தனியார் கம்பெனிக்கு ஒப்பந்தமாகக் கொடுத்திருந்தது. அந்தக் கம்பெனி என்னை மாதம் 7,500 ரூபாய்க்கு எடுத்திருந்தது. நான் அரசு ஊழியன் இல்லை. விமான நிறுவனத்தின் ஊழியனும் இல்லை. ஆனால் டை கட்டி, கழுத்தில் அட்டை தொங்க நிற்கிறவனைப் பார்த்தால் ஜனங்களுக்கு அதிகாரி என்றுதான் தோன்றும். "சார், சார்" என்று கை நடுங்க பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். நான் யார் என்று அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வேலையைக் கற்றுக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது. பாஸ்போர்ட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் படத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளில் கோடுகள் மின்னும். யாராவது அதைப் பிரித்து ஒட்டியிருந்தால் ஓரத்தில் ஒரு சிறு சுருக்கம் விரலில் தட்டும். நடுப்பக்கத்தில் தையல் நூலைப் பார்க்க வேண்டும். யூவி விளக்கின் கீழ் வைத்தால் நல்ல தாள் இருட்டாக இருக்கும். சாதாரணத் தாள் வெள்ளை வேட்டி மாதிரி பளீரென்று அடிக்கும். மூன்றே மாதத்தில் இதெல்லாம் எனக்குக் கை வந்துவிட்டது. ஒருமுறை, பாஸ்போர்ட்டில் 24 வயது என்று போட்டிருந்த ஒரு பெண்ணை வீட்டு வேலைக்கு என்று வெளிநாடு அழைத்துப் போக வந்திருந்தார்கள். பார்த்தால் பதினாறு, பதினேழுக்கு மேல் சொல்ல முடியாது. கூட வந்த ஆளை விட்டுத் தள்ளி நிறுத்திக் கேட்டதும் அழுதுவிட்டாள். அவளை நிறுத்தியது சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆகவே சோதனையே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

பணக் கணக்கைச் சொன்னால் மற்றது விளங்கும். சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், பிரிட்டன் அரசு விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 2,000 பவுண்டு அபராதம் போடும். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் ரூபாய், என்னுடைய 20 மாதச் சம்பளம். அந்த ஆளைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே கதை; 2001-ல் வந்த அவர்களுடைய உத்தரவுப்படி ஒரு பயணிக்குக் குறைந்தபட்சமே 3,000 யூரோ. இந்தியாவும் 2000-ல் தனக்கென்று இப்படி ஒரு சட்டம் போட்டது. ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய். அபராதம் வந்தால் விமான நிறுவனம் அதை எங்கள் கம்பெனியின் பில்லில் கழிக்கும். கம்பெனி எங்களுக்கு மெமோ கொடுக்கும். மூன்று மெமோ வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

சரி, எல்லா ஆவணமும் சரியாக இருக்கும் ஒருவரைத் தப்பாக நிறுத்திவிட்டால்? ஒன்றும் ஆகாது. அபராதம் கிடையாது, மெமோ கிடையாது, விசாரணை கிடையாது. என் நான்கு வருடத்தில், தவறாக ஆஃப்லோடு செய்ததற்காக, அதாவது ஏற்றாமல் நிறுத்தியதற்காக, ஒருவர்கூட எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தராசில் ஒரு தட்டில் மட்டும் கல்லை வைத்துவிட்டு நிறுத்துப் பார் என்று சொன்னால் முள் எந்தப் பக்கம் சாயும்? என்னைப் போன்ற நூறு பேரை நல்ல மனசோடு அங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் கொஞ்ச நாளில் எல்லோரும் நிறுத்துகிற பக்கம்தான் சாய்வார்கள். சந்தேகம் வந்தால் ஏற்றாதே. இதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம், கடைசிப் பாடமும்.

என் காதுக்கு வருகிறேன். அப்போது இலங்கையில் போர் உச்சத்தில் இருந்தது. இந்திய பாஸ்போர்ட்டோடு இலங்கைத் தமிழர்கள் வருவார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் சூப்பர்வைசரின் தினசரிப் பேச்சு. அவர் சென்னைக்காரர். அவர் காதுக்கு மதுரைக்குத் தெற்கே பேசுவதெல்லாம் ஒரே மாதிரி. அதனால் சந்தேகம் வந்த பாஸ்போர்ட்டெல்லாம் என் மேசைக்கு வரும். நான் சும்மா பேச்சுக் கொடுப்பது போலப் பேச்சுக் கொடுப்பேன். விசா எப்போது வந்தது என்று கேட்பேன். "போன வாரம்" என்றால் போகலாம். "போன கிழமை" என்றால் நிமிர்ந்து பார்ப்பேன். "ஆமா"வுக்குப் பதில் "ஓம்" வருகிறதா, "பேசினேன்" என்பதற்குப் பதில் "கதைச்சனான்" வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

இந்தச் சொற்களை நான் எங்கே கற்றேன் என்று சொல்ல வேண்டும். மண்டபம் முகாமில். அந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலிச் சனங்களை நோய்த் தடுப்பு என்று அங்கேதான் நிறுத்தி வைத்திருந்து கப்பலேற்றினார்கள். பிற்பாடு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்களை அதே இடத்தில் தங்க வைத்தார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் முகாம் பிள்ளைகள். என் நெருங்கிய நண்பனுக்கு இங்கே சுதன் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். ஆறு வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவன். அவன் வீட்டில் சொதியும் இடியப்பமும் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். "வாடா, இருடா, சாப்பிட்டனியே" என்று அவன் அம்மா கேட்கிற அந்தத் தமிழ் எனக்கு இரண்டாவது தாய்மொழி போல. அதைத்தான் நான் மாதம் 7,500 ரூபாய்க்கு விற்றேன்.

காது தப்பும். ஒரு குமரி மாவட்டத்துப் பையன், குளச்சல் பக்கம். மேல்படிப்புக்கு லண்டன் போகிறான். நான் அன்று விடுமுறை. சூப்பர்வைசரே விசாரித்திருக்கிறார். "காலேஜ் எப்படி?" என்று கேட்டதற்கு "கொள்ளாம்" என்றிருக்கிறான். நல்லா இருக்கு என்று அர்த்தம். இவருக்கு அது தமிழாகவே தெரியவில்லை. போதாக்குறைக்கு அவன் பயத்தில் வேகமாகப் பேச, சிலோன்காரன் என்று முடிவு கட்டி நிறுத்திவிட்டார். விமானம் போய்விட்டது. மறுநாள் அவன் அப்பா ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸேறி வந்து வாசலில் நின்றார். மீன் வியாபாரி. யாரிடம் முறையிடுவது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனால் ஒப்பந்தக் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனி, நாங்கள் விமான நிறுவனத்தின் விதிப்படி நடக்கிறோம் என்றது. தூதரகமோ, விசா கொடுத்துவிட்டோம், ஏற்றாதது எங்கள் விஷயம் இல்லை என்றது. புது டிக்கெட் எடுத்துத்தான் அந்தப் பையன் போனான்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வெளிநாட்டுத் தொடர்பு அதிகாரிகள் வருவார்கள். தூதரகங்களில் இருந்துகொண்டு, விமான நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வது அவர்கள் வேலை. நல்ல மனிதர்கள்தான். நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் அவர்களுக்குப் போன் போடலாம். பாஸ்போர்ட் எண்ணைச் சொன்னால் ஒரு நிமிடம் கழித்து ஒரு பதில் வரும்: "ஏற்ற வேண்டாம் என்பது என் ஆலோசனை. முடிவு உங்களுடையது." இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அரசு வாயால் சொல்கிறது, கை தனியாருடையது. அரசு முடிவெடுக்கவில்லை, ஆலோசனைதான் சொன்னது. நான் முடிவெடுக்கவில்லை, ஆலோசனைப்படி நடந்தேன். அப்படியானால் முடிவெடுத்தவர் யார்? அந்த மேசையைச் சுற்றி நின்ற ஒருவரும் இல்லை.

2009 பிப்ரவரி. கிளிநொச்சி விழுந்து ஒரு மாதம் இருக்கும். நள்ளிரவு தாண்டிய ஷிப்ட். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவும் எட்டு, ஒன்பது வயதுப் பெண் குழந்தையும் வந்தார்கள். இந்திய பாஸ்போர்ட், பிரிட்டிஷ் விசா. விளக்கில் வைத்துப் பார்த்தேன், சுத்தம். தையல், தாள், படம் எல்லாம் சுத்தம். அந்த அம்மா பேசிய தமிழும் சுத்தமாகத் திருச்சித் தமிழ். எங்கே தங்குவீர்கள் என்று கேட்டேன். தங்கை வீட்டில் என்றார். அளந்து அளந்து பேசினார். "போன வாரம்தான் விசா வந்துச்சுங்க" என்றார். ஸ்டிக்கரைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது அந்தக் குழந்தை அம்மாவின் சேலையை இழுத்துச் சொன்னது: "அம்மா, தண்ணி விடாய்க்குது."

தாகமாக இருக்கிறது என்பதற்கு நம் பக்கம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சுதன் வீட்டில், பந்து விளையாடிவிட்டு ஓடி வந்து நாங்கள் அப்படித்தான் கத்துவோம். நானும் அவனோடு சேர்ந்து அப்படித்தான் கத்துவேன். அந்த அம்மா குழந்தையின் கையை அழுத்திப் பிடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். "அக்கா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றேன். அதுவரை இருந்த திருச்சித் தமிழ் அப்போது போய்விட்டது. "தம்பி, எங்கள விடுங்கோ. பிள்ளையின்ர அப்பா அங்கதான் நிக்கிறார்" என்றார், என்னிடம் மட்டும் கேட்கிற குரலில்.

போன் போட்டோம். ஏற்ற வேண்டாம் என்பது ஆலோசனை, முடிவு எங்களுடையது. படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'ஆவணங்கள் திருப்திகரமாக இல்லை' என்று எழுதினேன். அது பொய். ஆவணத்தில் ஒரு குறையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. குழந்தை பேசிய ஒரு சொல்லுக்காக நிறுத்தினேன் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. குடியேற்றப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து அழைத்துப் போனார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கம்பெனியின் பதிவில் அது ஓர் எண்ணிக்கை. அந்த மாதம் எனக்கு 500 ரூபாய் பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள்.

இதன் பிறகும் இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பாவுக்கு மருத்துவச் செலவு, தங்கை கல்யாணம் என்று காரணங்கள் இருந்தன. 2011-ல் வெளியே வந்தேன். இப்போது ராமநாதபுரத்தில் பயண ஆவணங்கள் தயார் செய்து கொடுக்கும் சிறு அலுவலகம் வைத்திருக்கிறேன். வெளியே வந்த பிறகுதான் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படித்தபோது நெஞ்சு அடைத்தது.

1987 பிப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கித் தஞ்சம் கேட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, குளிரில் ஓடுபாதை ஓரத்திலேயே உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கினார்கள். அடுத்த மாதமே, அன்றைய உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் ஒரு மசோதாவை அறிவித்தார்: ஆவணம் இல்லாதவரை ஏற்றிவரும் நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம். மே மாதம் அது சட்டமானது. 1991-ல் அபராதம் இரட்டிப்பானது. நான் பயந்துகொண்டிருந்த அந்த 2,000 பவுண்டு இதுதான். தமிழர்கள் வந்து இறங்கியதை ஒட்டிப் பிறந்த சட்டம், இருபது வருடம் கழித்து ஒரு தமிழனின் காதை வைத்து இன்னொரு தமிழ்க் குழந்தையை நிறுத்தியது.

அதே ஆண்டில் தஞ்சம் கேட்டு வந்தவர்களில் ஒரு பகுதியினரை ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலில் அடைத்து வைத்தார்கள். காவலுக்கு நின்றது செக்யூரிகோர் என்ற தனியார் நிறுவனம். 1987 அக்டோபர் 16 அதிகாலை அடித்த பெரும்புயலில் அந்தக் கப்பல் கயிறு அறுத்துக்கொண்டு போய் மணல்திட்டில் தட்டி நின்றது. செக்யூரிகோர்தான் 2004-ல் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து ஜி4எஸ் ஆனது. 2021 அக்டோபரில் படகு பழுதாகி, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமிருந்த டியேகோ கார்சியா தீவில் கரைசேர்ந்த இலங்கைத் தமிழர்களின் கூடாரங்களைச் சுற்றிக் காவல் நின்றதும் ஜி4எஸ்தான். மூன்று வருடத்துக்கு மேல் அவர்களை அங்கே வைத்திருந்தது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. 1987-ல் பிரிட்டன் போய்த் தஞ்சம் கேட்ட ஐந்து தமிழர்களின் மனுவை அரசு தள்ளுபடி செய்தது. வழக்கு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்று, 1988 பிப்ரவரியில் அவர்களைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆனாலும் அங்கிருந்தபடியே மேல்முறையீடு செய்தார்கள். 1989 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: இவர்கள் அகதிகள்தான், இவர்களைத் திருப்பி அனுப்பியது தவறு. அந்த அக்டோபரில் ஐந்து பேரும் மறுபடி பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். அரசு அதிகாரியும் தப்புச் செய்கிறார், கொடுமையான தப்பு. ஆனால் அங்கே ஒரு கோப்பு இருந்தது, கையெழுத்து இருந்தது, எழுதிய காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு நீதிபதி முன்னால் வைக்க முடிந்தது. என் மேசையில் நின்ற அந்த அம்மாவுக்கு என்ன இருந்தது? நான் எழுதிய பொய்க் காரணத்தின் நகல்கூட அவர் கையில் இல்லை. என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

எல்லை காக்கும் வேலையைத் தனியாரிடம் கொடுப்பது செலவைக் குறைக்கிறது, வேகத்தைக் கூட்டுகிறது என்று சொல்கிறார்கள். இருக்கலாம். கூடவே, பதில் சொல்ல வேண்டிய ஆள் காணாமல் போகிறார். எனக்கு இருக்கும் முக்கியமான ஆட்சேபம் அதுதான்.

சுதன் விஷயத்திலும் இதையே பார்த்தேன். சமாதானக் காலத்தில் ஊருக்குத் திரும்பியவன், மறுபடி ஓட வேண்டி வந்து, 2012-ல் பிரிட்டனில் ஒரு தடுப்பு மையத்தில் இருந்தான். எந்த வழியாகப் போனான் என்று நான் கேட்டதில்லை. அந்த மையத்தை நடத்தியது ஒரு தனியார் கம்பெனி. சமையலறையில் வெங்காயம் உரிப்பான். மணிக்கு 1 பவுண்டு கூலி. அங்கே தடுப்பில் இருப்பவர்களுக்கு அதுதான் கூலி. எப்போது விடுவார்கள் என்று காவலரிடம் கேட்டால் அது உள்துறை முடிவு என்பாராம். முதுகுவலிக்கு மருந்து ஏன் வரவில்லை என்று உள்துறை ஆளிடம் கேட்டால் அது மையத்தின் பொறுப்பு என்பாராம். குளச்சல் மீன் வியாபாரி துணிப்பையோடு அலைந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. பிரிட்டனில் இத்தனை நாளுக்குள் விட வேண்டும் என்று சட்டத்தில் கால வரம்பும் கிடையாது. நான்கு மாதம் இருந்தான்.

அவனுக்கு உதவியது சக தமிழர் ஒருவர் சொன்ன ஒரு சொல்: 'ரூல் 35'. சித்திரவதைக்கு உள்ளானவர் என்று தோன்றினால் தடுப்பு மைய மருத்துவர் அதை உள்துறைக்கு அறிக்கையாக எழுத வேண்டும் என்பது அங்கே விதி. யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும். முதுகுத் தழும்பைக் காட்டி, எழுதித்தான் ஆக வேண்டும் என்று நின்றான். எழுதினார்கள். வெளியே வந்தான். உங்கள் உறவினர் யாராவது அப்படி ஓரிடத்தில் இருந்தால் முதல் நாளே இதைச் சொல்லுங்கள். இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பெயர் பதியச் சொல்லுங்கள். ஒவ்வொரு மையத்திலும் சுயேச்சையான கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு. அதற்கு எழுதிப் போடும் பெட்டி எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். எந்தப் புகாரையும் கம்பெனிக்கு மட்டும் கொடுக்காமல், உள்துறைக்கும் ஒரு நகல் போகட்டும். ஒப்பந்தம் போட்டதால் அரசின் கடமை கைமாறிவிடாது. தஞ்சம் கேட்டு வந்தவர்களை அடைத்து வைக்க, பப்புவா நியூ கினியாவின் மானுஸ் தீவில் ஆஸ்திரேலியா ஒரு முகாமைத் தனியார் கம்பெனிகளை வைத்து நடத்தியது. 2017-ல் அங்கே அடைபட்ட சுமார் 1,900 பேருக்கு 7 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டபோது, வழக்கின் எதிர்த் தரப்பில் அந்தக் கம்பெனிகளோடு ஆஸ்திரேலிய அரசும் நின்றது.

பயணம் போகிறவர்களுக்கு நான் அலுவலகத்தில் சொல்வதைச் சொல்கிறேன். விசா சென்டரில் உங்கள் காகிதங்களை வாங்குகிறவருக்கு விசா தரவும் அதிகாரம் இல்லை, மறுக்கவும் அதிகாரம் இல்லை. அவர் "இது தேவையில்லை" என்று ஒரு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால், பரவாயில்லை, சேர்த்து அனுப்புங்கள் என்று நில்லுங்கள். அதிகக் கட்டணத்தில் சோபா போட்ட அறையில் உட்கார்ந்து கொடுத்தால் விசா சீக்கிரம் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அங்கே கிடைப்பது சோபாதான்.

விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் போங்கள். அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், அழைத்தவரின் போன் நம்பர் எல்லாம் தாளில் அச்சடித்துக் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பின்னால் தவிக்க வேண்டாம். முக்கியமாக, உங்கள் ஊர்த் தமிழிலேயே பேசுங்கள். சென்னைத் தமிழ் பேச முயன்று தடுமாறுவதுதான் என்னைப் போன்றவனுக்குச் சந்தேகம் கிளப்பும். ஒரு ஊர்க்காரர் இன்னொரு மாதிரிப் பேசுவது குற்றம் இல்லை.

நிறுத்தினால் குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்னை நிறுத்துவது விமான நிறுவனமா, குடியேற்றத் துறையா?" நான் அங்கே இருந்த வரையில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இரண்டே பேர். இரண்டு முறையும் எங்கள் சூப்பர்வைசர் தடுமாறி விமான நிறுவன மேலாளரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் விமானம் ஏறினார்கள். மேலாளர் வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் நேரம், கவுண்டர் எண், அட்டையில் உள்ள பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு, அன்றே விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். உங்கள் ஆவணம் சரியாக இருந்து அவர்கள் தவறாக நிறுத்தியிருந்தால், உங்கள் சொந்த மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் அதற்கு இடம் தருகிறது. குளச்சல்காரருக்கு அன்று இதைச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த மேசைக்குப் பின்னால் இன்று நிற்கிற தம்பிகளுக்கும் சொல்ல வேண்டும். படிவத்தில் உண்மையான காரணத்தை எழுதுங்கள். மேலே உள்ளவர் சொல்லித்தான் நிறுத்துகிறீர்கள் என்றால், அவர் பெயரையும் எழுதுங்கள். ஆலோசனை என்று போனில் வந்தால் யார், எத்தனை மணிக்கு என்று உங்கள் சொந்த நோட்டில் குறித்து வையுங்கள். லண்டன் கேட்விக் பக்கத்தில் உள்ள புரூக் ஹவுஸ் தடுப்பு மையத்தில் கேலம் டல்லி என்ற இளைஞர் ஜி4எஸ் காவலராக வேலை பார்த்தார். கண்ணால் கண்டதைத் தாங்க முடியாமல் பிபிசிக்காக ரகசியக் கேமராவில் படம்பிடித்தார். 2017 செப்டம்பரில் அது ஒளிபரப்பானது. விசாரணை ஆணையம் அமைந்தது; ஐந்தே மாத காலத்தில் 19 சம்பவங்கள் மனிதத்தன்மையற்ற நடத்தை என்று கருதத்தக்கவை என 2023-ல் அறிக்கை சொன்னது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது உங்கள் வயதைவிடக் குறைந்த வயதுதான்.

விமானத்துக்குள் இருக்கிறவர்களுக்கும் கண்ணும் காதும் உண்டு. 2010 அக்டோபர் 12 அன்று ஹீத்ரோவில் அங்கோலா போகும் விமானத்தில் நாடுகடத்தப்பட்டுக்கொண்டிருந்த ஜிம்மி முபெங்கா என்பவரை மூன்று தனியார் காவலர்கள் இருக்கையில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். மூச்சு விட முடியவில்லை என்று அவர் கத்தியதைப் பயணிகள் பலர் கேட்டார்கள். அங்கேயே இறந்துபோனார். சட்டவிரோதக் கொலை என்று 2013-ல் மரண விசாரணை ஜூரி சொன்னது; மறு ஆண்டு குற்றவியல் வழக்கில் மூவரும் விடுதலையானார்கள். எழுந்து நின்று ஏதாவது செய்திருக்க வேண்டும் என்று பின்னர் வருந்திய பயணிகள் இருந்தார்கள். அவர்களை எனக்கு நன்றாகப் புரிகிறது.

சுதனுக்கு இப்போது அங்கே குடும்பம், கடை எல்லாம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்வோம். அந்த வேலையைப் பற்றி அவனிடம் நான் பல வருடம் வாயைத் திறக்கவில்லை. போன வருடம்தான் சொன்னேன். அந்த அம்மாவை, குழந்தையை, அந்தச் சொல்லை எல்லாம் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "பிள்ளைக்குத் தண்ணி குடுத்தனியோடா?" என்று கேட்டான்.

என் மேசையில் அன்று ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. நான் கொடுக்கவில்லை.